சிவப்புக் கோடு வரை

ஜூலை 19
குஞ்ஞி, என் மகனே, இன்று இருபத்தாறு டிகிரி. தொட்டியின் வெப்பமானியில் நீ சிவப்புக் கோடு போட்ட இடத்திலேயே நிற்கிறது. எண் மறந்தாலும் அவ்வாவுக்கு, பெற்றவள் எனக்கு, கோடு தெரியும் என்றாய். கடல் மீனுக்குக் குடகு மலையில் என்ன வேலை என்று உன் அப்பா உன்னிடம் கேட்பாரே, இன்றும் தொட்டியைப் பார்த்து அதையே முணுமுணுத்தார். நீ இருந்தால் பதில் சொல்வாய். நான் தீனி போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 22
மழை. ஆரஞ்சு மீன் இரண்டும் நன்றாகத் தின்றன. பெரியவள் சின்னவனை விரட்டுகிறாள். நானும் அப்பாவும் அப்படிச் சண்டையாவது போடலாம். காபி வைத்தால் குடிக்கிறார், அவ்வளவுதான். போன வருஷ மழையில் நீ பைக்கில் மலை இறங்கியவன் திரும்பி வரவில்லை. அன்றைக்கு நின்றது இந்த வீட்டுப் பேச்சு.

ஜூலை 27
மரம் விழுந்து கரன்ட் போய்விட்டது. ஹீட்டர் அணைந்தது. இருபத்துநாலு. காற்று மட்டும் பேட்டரியில் குமிழி விடுகிறது. தொட்டியைச் சுற்றிக் கம்பளி போட்டேன். பக்கத்துத் தோட்டத்துத் தேச்சம்மா வந்தவள், குடையை மடக்கிக்கொண்டே, "மீனுக்குக் கம்பளி போத்துனவ குடகுலயே நீ ஒருத்திதான்க்கா. கஞ்சியும் வச்சுக் குடுத்துடு" என்றாள். சிரித்தேன். அவள் போனதும் அழுதேன்.

ஜூலை 28
காலையில் இருபத்திரண்டு. இரண்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. வெந்நீரை நேரே ஊற்றினால் உப்பு கெடும், அது நீ சொன்னது. குளியலறைச் செம்பு அண்டாவில்தான் எப்போதும் வெந்நீர் கிடக்கிறதே — பாட்டிலில் அடைத்து, மூடியை இறுக்கி, தண்ணீரில் மிதக்கவிட்டேன். ஏறுகிற மாதிரி தெரியவில்லை. மனசு கேக்கல. இன்னும் போட்டேன், ஆறியதை எடுத்துச் சூடானதை விட்டு, மாற்றி மாற்றி. வெப்பமானி கம்பளிக்குள்ளே. அதை யார் பார்த்தது? முழங்கையை விட்டுப் பார்த்தேன், உன்னைக் குளிப்பாட்டும்போது பார்ப்பேனே, அப்படி. இதமா இருந்துச்சு குஞ்ஞி.

அது பிள்ளைக்கு இதம். மீனுக்கு இல்ல. கம்பளியை எடுத்தால், கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருக்கிறது. சின்னவன் சாய்ந்து கிடக்கிறான்.

ஜூலை 29
சின்னவன் போய்விட்டான். காபிச் செடியடியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 1
இன்னும் கரன்ட் இல்லை. இரண்டு நாளாகத் தொட்டிப் பக்கமே போகவில்லை. என் கை பட்டால் அவளும் போய்விடுவாள். இன்று எழுந்து பார்த்தால் ஒரே ஒரு பாட்டில் தொட்டி ஓரத்தில் மிதக்கிறது. பக்கத்தில் அப்பா, முக்காலி போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு. அண்டாவின் அடியில் நெருப்பு.

"ஒண்ணு ஆறுனப்புறம்தான் அடுத்தது. மெதுவா ஏறணும்."

உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"அவன்தான் சாப்பிடறப்போ எல்லாம் இதையே பேசிட்டிருப்பானே. கேட்டுட்டுதான் இருந்தேன்."

அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விறகு எடுக்கப் போனேன்.

ஆகஸ்ட் 3
கக்கடம் பதினெட்டு, நம் ஆடி மழைக்கால மருந்துத் தழை நாள். மருந்துத் தழைப் பாயசம் வைத்தேன், பழக்கத்தில் மூன்று கிண்ணம் எடுத்துவிட்டேன். அப்பா பார்த்தார், ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

மத்தியானம் கரன்ட் வந்தது. விளக்கைக்கூடப் பார்க்காமல் நேரே தொட்டிக்குப் போனார். அங்கிருந்தே, "இருபத்தஞ்சு. ஏறுது," என்றார். என்னிடம்தான்.

சாயங்காலம் கோட்டுக்கு வந்துவிட்டது. பெரியவள் இன்னும் பாட்டில் மிதந்த ஓரத்திலேயே நிற்கிறாள். தீனியைத் தொடவில்லை. ஒத்தையா இருக்கிறதுக்கும் அதே இருபத்தாறு போதுமா, குஞ்ஞி?