கொடி சுற்றிப் பிறந்தவளின் மாமாவுக்கு

அண்ணா,

இன்று காலை தொழுவத்துக்குப் போகும் வழியில் ஒரு மாட்டுக் கயிறு குறுக்கே கிடந்தது. தாண்டப் போன என் கால் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் சாணக் கூடையோடு வந்த அக்கா, "ஏன் அம்மிணி நின்னுட்டே? இன்னுமா அந்தப் பயம்?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத் தாண்டினேன். ஆனால் அதிலிருந்து உங்கள் நினைவாகவே இருக்கிறது.

அக்கா என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. இன்று அவர் அந்தக் கயிற்றைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று எழுதினால் உங்களால் நம்ப முடியாது. நான் இந்த வீட்டுக்கு வந்த வருடம் அவருக்கு முதல் பிரசவம். வீட்டிலேயே நடந்தது. கழுத்தில் கொடி சுற்றி வந்த அந்தக் குழந்தை அழவே இல்லை. மறுநாளிலிருந்து, அவர் எந்தக் கயிற்றை எப்போது தாண்டினார் என்று ஆளாளுக்கு யோசிக்கத் தொடங்கினார்கள். யோசித்துக் கண்டும் பிடித்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். தோட்டத்து வீட்டில் கயிற்றைத் தாண்டாமல் யாரால் நடக்க முடியும்?

அடுத்து நான் கர்ப்பமானேன். நம் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் தாவரவியலில். விதை தன் தாயோடு ஒரு சின்னக் காம்பால் ஒட்டியிருக்கும். அதைப் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவள். ஆனால் என் வயிற்றுக்குள் இருக்கும் கொடி எவ்வளவு நீளம், அது எதனால் ஆனது, யாரும் தொடாமல் எப்படிச் சுற்றிக்கொள்கிறது என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிரசவத்துக்கு அனுப்பும் கட்டுச்சோற்று விருந்து முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபோது நீங்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலையிலிருந்து ஊர் திரும்பியிருந்தீர்கள். அம்மாவின் சட்டங்கள் உங்களுக்கு வேடிக்கையாக இருந்தன. கயிற்றைத் தாண்டக் கூடாது. பூத்தொடுக்கக் கூடாது. படுத்தபடி புரளக் கூடாது, எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் சாய வேண்டும்.

"ஏம்மா, நம்ம எருமெ தெனமும் கயித்தத் தாண்டுது. அது கன்னு போடலியா?" என்றீர்கள்.

"எருமையும் உன்ற தங்கச்சியும் ஒண்ணாடா?"

"எருமெ இத்தன பயப்படலியே."

அம்மா சிரிக்கவில்லை. அவருக்கு இரட்டைப் பயம். கொடி சுற்றிப் பிறந்தால் குழந்தைக்கு ஆபத்து. பிழைத்து வந்தாலும் தாய்மாமனுக்கு ஆகாது; அவன் முதலில் அதன் முகத்தை எண்ணெயில் நிழலாகத்தான் பார்க்க வேண்டும், நேராகப் பார்க்கக் கூடாது. அம்மாவுக்கு ஒரே மகன் நீங்கள்.

நீங்கள் என்னைத் தனியாகக் கேட்டீர்கள். "நெசமா எப்படிச் சுத்துது அம்மிணி? உள்ள அது குட்டிக்கரணம் போடுதா?" எனக்குத் தெரியாது என்றேன். "பி.எஸ்சி. படிச்சிட்டு இதத் தெரியாதுங்கறே. வா, கேட்டுட்டு வரலாம்" என்று நாமக்கல்லுக்குப் பஸ் ஏற்றினீர்கள். வழியெல்லாம் கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கு, அடுத்தவங்க வாங்க" என்றதும் எழுந்துவிட்டேன். திரைக்கு வெளியே நின்ற நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"கேட்டியா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகமுங்க." திரையைப் பார்த்து நீங்கள் உரக்கச் சொன்னதும் பெஞ்சில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"யாரு, வீட்டுக்காரரா?"

"இல்லீங்க, பொண்ணோட அண்ணன். கொடி சுத்துனா எனக்குத்தான் ஆகாதாமுங்க. அதனால கேக்கறதுக்கு எனக்குப் பாத்தியதை உண்டுங்களே."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நீங்கள் கேட்டுக்கொண்டே போனீர்கள். கழுத்து இறுகினால் மூச்சு முட்டாதா? "உள்ள இருக்கறப்ப குழந்தை மூக்கால மூச்சு விடறதில்லப்பா. எல்லாம் கொடி வழியாத்தான் வருது." அப்போ கொடி மடங்கினால்? எங்கள் கம்ப்ரசர் ஓஸ் காற்று ஓடும்போது முறுக்கினாலும் மடங்காதே, அதுபோலவா? டாக்டரம்மா உங்களை ஒரு நிமிடம் பார்த்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான். சுத்தி வழுவழுன்னு கெட்டியா ஒண்ணு இருந்து ரத்தக்குழாயக் காப்பாத்துது. நிறையக் குழந்தைங்க சுத்திக்கிட்டுத்தான் வருது, நாங்க விரலால எடுத்து விடறோம். சில சமயம் இறுகும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றது. அசைவு குறைஞ்சா உடனே வந்துடணும்."

அப்போது எனக்கே தெரியாமல் என் வாய் திறந்தது. "எங்கக்கா கயித்தத் தாண்டுனாங்க. அதனாலதாங்களா?"

"இல்லம்மா. அவங்க செஞ்ச எதனாலயும் இல்ல. இத நீ அவங்ககிட்டச் சொல்லணும்."

பிறகு சொன்னேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிரவில்லை. "டாக்டரம்மாவே சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் கழித்து, "இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. வயிற்றில் கை வைத்துக் கவனிக்கத் தொடங்கினேன். மதியம் சாப்பிட்டதும் அவள் புரளுவாள். பஸ் ஹாரன் கேட்டால் ஒரு உதை. சாயங்காலம் நீங்கள் வந்து, "இன்னிக்கு என்ன சேதி?" என்று ஆபீஸ் போன ஆளிடம் விசாரிப்பதுபோல் விசாரிப்பீர்கள். என் உடம்பைப் பற்றி ஒருவரிடம் கூச்சமில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அவள் புரளவில்லை. "தூங்குதோ என்னமோ, பொறு" என்றார் அம்மா. நான் எழுந்து வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். டாக்டரம்மா மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது. "வந்தது நல்லது" என்றார். வலி வர மருந்து ஏற்றினார்கள். கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். "ரெண்டு சுத்து" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பிறகு அமைதி. அக்காவின் குழந்தையை நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். அந்த அமைதி எத்தனை நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு அழுதாள்.

எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள், என்னிடம் காட்டவில்லை. ஆயா துணியில் சுற்றி வெளியே எடுத்துப் போனபோது அம்மா பிளாஸ்க்கோடு காப்பி வாங்கப் போயிருந்தார். நடையில் நீங்கள் மட்டும் இருந்தீர்கள். ஆயா உங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

என்னை வார்டுக்கு மாற்றியதும் குனிந்து சொன்னீர்கள். "பாத்துட்டேன். நேராவே பாத்துட்டேன். கழுத்துல லேசாச் செவந்திருக்கு, அவ்வளவுதான். அம்மாகிட்டச் சொல்லாத."

அதற்குள் கொடி சுற்றிய சேதி அம்மாவுக்கு எட்டிவிட்டது. "டேய், நீ உள்ள வராத" என்று ஓடி வந்தார். நீங்கள் நல்ல பிள்ளையாக வெளியே போனீர்கள். தீட்டுக் கழியும்வரை குழந்தை இருந்த அறைப் பக்கமே வரவில்லை. அப்புறம் தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி உங்களை உட்கார வைத்தார்கள். அம்மா உங்கள் முதுகுப் பக்கம் நின்று, எண்ணெயில் முகம் விழும்படி தோளுக்கு மேலாக அவளை நீட்டினார்.

"தெரியுதாடா?"

"ஓடு தெரியுது. ஒரு பல்லி தெரியுது."

"டேய்."

"ஆங், வந்துட்டா. மூக்கு நம்ம அப்பனாட்டமே இருக்குது."

அம்மா அழுதுவிட்டார். அன்று மாலை நான் கேட்டேன், ஏன் இந்த நாடகம் என்று. "டாக்டரம்மா சொன்னதும் உனக்குப் பயம் போச்சு. அம்மாவுக்கு எண்ணெயில பாத்தாத்தான் போகும். பாத்தாப் போச்சு" என்றீர்கள்.

அதன் முழுப் பயனும் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. போன வருடம் வடக்கே வேலைக்குப் போன இடத்தில் காமாலை முற்றி உங்களைக் கொண்டுவந்தபோது, இழவு வீட்டில் ஒரு அத்தை ஆரம்பித்தார், கொடி சுத்துன புள்ள என்று. அம்மா அழுகையை நிறுத்தினார். "என்ற பையன் எண்ணெயில பாத்துத்தான் மொகம் பாத்தான். எம் பேத்தியப் பேசறதுக்கு இங்க ஒருத்திக்கும் வாயில்ல." அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. இன்றுவரை எழவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், நீங்கள் என்ன செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஆனால் அவள் வளர்கிறாள், அண்ணா. பெரியவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழுகிறது. இன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். "மாமா என்னய நேராப் பாக்க மாட்டேன்னுட்டாங்களாம்மா? என்னயக் கண்டு பயமா?"

அம்மாவை நினைத்துக் கொஞ்சம் தயங்கினேன். பிறகு சொன்னேன். பயமே இல்லை. உன்னை முதலில் பார்த்ததே அவர்தான், எனக்கும் முன்னால், கையில் வைத்துக்கொண்டு, நேராக.

அவள் யோசித்தாள். "நான் மாமாவப் பாத்தனா?"

"பாத்தே. ஒத்தக் கண்ணத் தொறந்து நீ பாத்தேன்னு அவங்களே சொன்னாங்க."

எந்தக் கண் என்று கேட்டாள். அதை நான் உங்களிடம் கேட்காமல் விட்டிருக்கிறேன். கண்ணாடி முன்னால் போய் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இது அம்மாயிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொன்னா அவங்களுக்குப் பயமாயிரும். நான் சொல்லல" என்றாள்.

நீங்கள் போன பிறகு இதை நான் ஒருத்தியாகத்தான் வைத்துக்கொண்டிருந்தேன், அண்ணா. இப்போது மறுபடியும் இரண்டு பேர் ஆகிவிட்டோம்.