படிக்கட்டு ஓரத்து நாலாவது தூண்

என் அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, கீழ் வீட்டுத் தையல்காரர் எழுதும் கடிதம் இது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். வெட்டித் தைப்பது உங்கள் தொழில், இதில் கத்திரி வைக்காதீர்கள் என்றேன். சிரித்தார். இப்போது சிரிக்கவில்லை.

நீ படித்த கல்லூரிக் கட்டடத்தின்மேல் இன்னும் இரண்டு மாடி எழுப்ப நீயே வரைபடம் போட்டிருப்பதாகப் போனில் சொன்னாய். முந்நூறு பிள்ளைகள் உட்காரலாம் என்றாய். அஸ்திவாரத்தைத் தோண்டிச் சோதிக்க வேண்டுமாம். படிக்கட்டுப் பக்கம் புதுத் தரைக்கல், அதை மட்டும் உடைக்க வேண்டாம் என்று துறைத் தலைவர் கெஞ்சுகிறாராம். "அந்த இடத்துல மண்ணு எப்படிப்பா?" என்று கேட்டாய். நான் "பாறைம்மா" என்றேன்.

அது பொய்.

நான் மேஸ்திரியாக நின்று அந்தக் கட்டடத்தைக் கட்டி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. படிக்கட்டுக்கு இடப்பக்கம், வாசலிலிருந்து எண்ணினால் நாலாவது தூண். ஏழடி தோண்டியதும் கடப்பாரை உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. பழைய கிணறு. யாரோ குப்பையைப் போட்டு மூடியிருக்கிறார்கள். இன்ஜினியர் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தார். மேலே கலவை தயாராக இருந்தது. விட்டால் இறுகிவிடும், அத்தனையும் பாழ். பதினெட்டுப் பேர் சட்டியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உடைந்த செங்கல்லையும் மணலையும் கொட்டி இடித்து இறுக்கச் சொன்னேன். அதன்மேல் கட்டி வைத்திருந்த கம்பியை இறக்கி, கான்கிரீட் போட்டோம். சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

மூன்றாம் நாள் இன்ஜினியர் வந்து, "மண்ணு எப்படி மேஸ்திரி?" என்றார். "பாறை சார்" என்றேன். வரைபடத்தில் அப்படியே ஏறிவிட்டது. இரண்டு மாடிதான், தாங்கிக்கொண்டது. அதன்மேல் இரண்டு என்றால் தாங்காது. எனக்குத் தெரியும்.

நீ பட்டம் வாங்கிய அன்று எல்லாரும் அந்தத் தூணடியில் நின்று போட்டோ எடுத்தீர்கள். நான் பக்கத்தில் வராமல் தள்ளியே நின்றேன். "சட்டை பழசுன்னு வெட்கமாப்பா?" என்று கேட்டாய். உன் கண் கலங்கியிருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் தலைக்கு மேலே, தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் முடிபோல ஒரு விரிசல் ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

நேற்று மாப்பிள்ளை போன் பண்ணினார். "எங்கப்பா கட்டிய கட்டடம், படிக்கட்டுப் பக்கம் தோண்ட வேண்டாம்" என்று கல்லூரிக் கமிட்டியிலேயே சொல்லிவிட்டாயாம். திங்கட்கிழமை வேலை ஆரம்பமாம். இரண்டு தடவை உனக்குப் போன் பண்ணினேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இந்த வாய்க்கு அந்த ஒரு சொல்தான் பழகியிருக்கிறது. அதனால்தான் கடிதம். உன் ஊருக்குக் கிளம்பும் லாரி டிரைவர் வெள்ளிக்கிழமை உன் கையிலேயே கொடுத்துவிடுவார்.

தாயே, தரைக்கல்லை உடை. நாலடி தோண்டி, தூணுக்கு அடியில் போட்ட கான்கிரீட் ஓரமாக ஏழடி ஆழத்துக்குக் கம்பியை இறக்கிப் பார். செங்கல் துண்டு தட்டுப்படும். நாலு பேர் முன்னால் உனக்குத் தலைகுனிவுதான். என்னைக் காட்டிக் கொடு. கிழவன் பொய் சொன்னான் என்று சொல். இனி என்னோடு பேசாவிட்டாலும் சரி. உன் கையெழுத்துக்கு அடியில் ஒரு பிள்ளையும் நசுங்கக் கூடாது.

வாயால் சொன்னால் கமிட்டி நம்பாது. தூண் விஷயத்தைக் கடைசித் தாளில் தனியாகவும் எழுதச் சொல்லி, அதில் ஒன்று, இங்கே ஒன்று என இரண்டு கைநாட்டு வைத்திருக்கிறேன். ஒன்று அவர்களுக்கு. கிழித்துக் கொடுத்துவிடு.

இன்னொன்று உனக்கு. முடிந்தால் வைத்துக்கொள்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா