முள் இரண்டாகத் தெரிந்த கோடை

நேற்று சித்தூரில் கண் டாக்டர் என் இடது கண்ணைப் பொத்திவிட்டு, "எதிரே எழுத்து தெரியுதா அம்மா?" என்று கேட்டார்.  ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதையாவது பார்த்தாலே உங்கள் ஞாபகம்தான்.

பர்மா சண்டையிலிருந்து திரும்பி, என்னைக் கட்டிக்கொண்டு, முதலமடைத் தோட்டத்தில் காவலுக்குச் சேர்ந்தீர்கள். முதலாளியின் ரைபிளைக் குறி பார்த்துச் சரிசெய்து வைப்பதும் உங்கள் வேலைதான். வரப்பில் மண்மூட்டை போட்டு, அதன்மேல் துப்பாக்கியைத் தாங்கி, பனங்கட்டைமேல் வைத்த சுண்ணாம்புப் பானையைச் சுடுவீர்கள். பின்னாலிருக்கும் மேட்டில் புழுதி கிளம்பும் இடத்தைப் பார்த்து, "ஒரு சாண் இடப்பக்கமுங்க" என்பேன் நான். குழல் நுனியில் குறி பார்ப்பதற்காக இருக்கும் முள்ளை லேசாகத் தட்டி நகர்த்துவீர்கள்.

"முள்ளைத்தான் தெளிவாப் பாக்கோணும் புள்ள. பானை மங்கலா இருந்தாப் போதும்."

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், சுடுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் கண்ணைக் கசக்கினீர்கள். "முள்ளே ரெண்டாத் தெரியுது" என்றீர்கள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

அந்தக் கோடையில்தான் மலையடிவாரத்துக்குச் சிறுத்தை இறங்கியது. முதலில் ஆடுகள் போயின. பிறகு விறகுக்குப் போன ஒரு பெண்ணை அடித்துப் போட்டது. ஆட்கள் நம் வாசலுக்கு வந்தார்கள்.

"அண்ணன் பட்டாளத்துல குறி தப்பாத ஆளுங்க. நீங்கதான் வரோணும்."

நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அவருக்குக் கண்ணு செரியாத் தெரியறதில்லீங்க. கூட்டிட்டுப் போகாதீங்க."

அவர்கள் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ரைபிளை எடுத்துக்கொண்டு போய் வரப்பில் படுத்தீர்கள். ஒரே குண்டில் பானை சிதறியது. அதற்குமேல் யார் என் பேச்சைக் கேட்பார்கள்? அந்த வரப்பும் அந்தக் கட்டையும் உங்கள் தோளுக்கே மனப்பாடம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சிறுத்தை கட்டைமேல் உட்கார்ந்து காத்திருக்காது.

குண்டு அதன் பின்னங்காலில்தான் பட்டதாம். கூட வந்தவர்கள் தடுத்தும், "அடிபட்டதை விட்டுட்டு வரப்படாது" என்று சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் புதருக்குள் போனீர்களாம். சாயங்காலம் உங்கள் உடலைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். சிறுத்தை கடைசிவரை கிடைக்கவில்லை. எருத்தேன்பதிப் பக்கம் ஆடுகள் காணாமல் போகின்றன என்று கொஞ்ச நாளில் பேச்சு வந்தது.

தோட்டா நமுத்துப்போயிருக்கும் என்றார்கள் ஊரில். குறி தப்பாதவர் என்றே இன்னமும் உங்களைச் சொல்கிறார்கள். மறுத்துப் பேசுவதை நான் விட்டுவிட்டேன். வாசலில் நான் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.

அன்று நீங்கள் புறப்படும்போது வேலியருகில் உங்கள் கையைப் பிடித்து, "இப்பவாவது சொல்லிப்போடுங்க" என்றேன். நீங்கள் குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் நிக்கறாங்க. இனி எப்படிப் புள்ள சொல்றது?" என்றீர்கள்.

அதற்கு நான் என்ன சொல்லியிருந்தால் நீங்கள் திரும்பி வீட்டுக்குள் வந்திருப்பீர்கள் என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.