வலப்பக்கம் உங்களுடையது

என் பாசத்துக்குரிய மாரியண்ணே,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடுங்கள். வரிகள் நேராக ஓடவில்லை. 'ழ' ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு முகத்தோடு வருகிறது. ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. நடுவில் விரல் பிடித்துக்கொண்டால் தைலம் தேய்த்துவிட்டு மறுபடி உட்காருகிறேன். ஆனாலும் இது என் கை எழுதியது. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை.

ஆமாம் அண்ணே. எழுபத்திரண்டு வயதில் கோவிந்தன் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான். உங்கள் லாரியில் இருபத்தேழு வருடம் கெலிண்டானாக, பக்கத்தில் உட்கார்ந்து வந்து மூட்டை இறக்கும் ஆளாக இருந்தேனே, அத்தனை வருடமும் எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. கண் சரியில்லை, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொன்னதெல்லாம் பொய். என்னிடம் கண்ணாடியே இருந்ததில்லை.

எப்படிச் சமாளித்தேன் என்று கேட்கிறீர்களா? நீங்கள்தான் காலையில் வண்டியை எடுக்கும் முன் பட்டியலை உரக்க வாசிப்பீர்களே. "முதல்ல பள்ளிவாசல் சாலை நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை, அரிசி பன்னெண்டு மூட்டை, எண்ணெய் நாலு தகரம்" என்று தொடங்கிக் கடைசிக் கடை வரைக்கும், அதுவும் இரண்டு தடவை. மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். "மாரி, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற வேலை கிடைச்சிருச்சா?" என்பார்கள். "என் தொண்டை, நான் வாசிக்கிறேன். உனக்கு என்னா?" என்பீர்கள். நான் மனப்பாடம் செய்துகொள்வேன். உங்களுக்குச் சத்தமாகப் படிக்கும் பழக்கம் இருப்பது என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் காலமான மறுநாள் பத்திரிகையில் உங்கள் படம் வந்தது. முகம் தெரிந்தது. கீழே இருந்த எழுத்துகளில் உங்கள் பெயர் எது என்று தெரியவில்லை. விரலை வைத்து வரி வரியாகத் தேடிவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். அடுத்த மாதமே தண்ணீர்மலை அடிவாரத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். யாருக்காவது ஒரு கடிதம் எழுதுங்கள், வகுப்பில் எல்லாருக்கும் வாசிக்கலாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஆகவே இதை நீங்கள் மட்டும் கேட்கப்போவதில்லை. பரவாயில்லை.

சேதிக்கு வருகிறேன். நான் வண்டி ஓட்டுகிறேன்.

சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டரில்தான்.

மகள் தேவியை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சீருடையோடு லாரியில் ஏறி ஹாரன் அடிக்க அடம்பிடித்தவள். இப்போது அவளுக்கு நாற்பது வயது. சுங்கை பினாங்கில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். அவளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. ஐந்து மணிக்கு அது முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்டுவாள். ஒரு நாள் தேநீர் கொண்டுபோன நான் அப்படியே நின்றுவிட்டேன். நம் பாலிக் புலாவ் சாலை மாதிரி வளைவுக்கு மேல் வளைவு. காருக்குள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுகிறார். பக்கத்தில் இருப்பவர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு எதையோ வாசித்துக்கொண்டே வருகிறார்.

"யாரும்மா அது?"

"கோ-டிரைவர்ப்பா. அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பணும்னு முன்னாடியே படிச்சுச் சொல்றவரு. அவரு இல்லாம இந்தப் பந்தயம் ஓட்ட முடியாது."

"கெலிண்டான்னு சொல்லு."

அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "உக்காந்து ஓட்டிப் பாருங்கப்பா. இங்க எந்தப் போலீசும் பிடிக்க மாட்டான் லா."

உட்கார்ந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பட்டர்வொர்த் கிடங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசல் காலியாக இருக்கிறதே என்று ஸ்டீரிங்கை என்னிடம் கொடுத்தீர்கள். கிளச்சை விட்ட வேகத்தில் லாரி துள்ளிப் போய் வாசல் தூணை இடித்தது. முதலாளி தவுக்கே வந்து கத்தியபோது, "நான்தான் ஓட்டினேன்" என்று நீங்கள் முன்னால் போய் நின்றீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை லைசன்ஸ் பாரம் வாங்கி வந்து என் மடியில் போட்டீர்கள். நான் தூணைக் காரணம் சொன்னேன். பாரத்தை நிரப்பத் தெரியாது, பரீட்சைக் கேள்வியைப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் ஒரு கேள்வி அப்படியே நின்றுபோயிற்று. படிப்பு இருந்திருந்தால் நான் ஓட்டியிருப்பேனா? அல்லது அந்தத் தூண் சொன்னதுதான் உண்மையா? ஒரே ஒரு பாதையை, எதிலும் மோதாமல் கடைசி வரை ஓட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

முதலில் கீபோர்டில் ஓட்டினேன். அது வண்டி ஓட்டுவதே இல்லை. அம்புக்குறியை அழுத்தினால் சக்கரம் முழுக்கத் திரும்புகிறது, விட்டால் நேராகிறது. கொஞ்சமாகத் திருப்ப வழியில்லை. பிறகு தேவி தன் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடிக்கும் சின்னச் சாமான். கட்டைவிரலால் ஒரு குமிழைத் தள்ளினால் கார் திரும்பும். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ மூட்டை தூக்கிய விரல். குமிழ் எவ்வளவு நகர்ந்தது என்று என் கட்டைவிரலுக்குத் தெரியவே இல்லை. கார் போன இடத்துக்கெல்லாம் நான் பின்னால் போனேன்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி என் தலைமுடியைப் பார்த்தார். "ஐயா புதுசா? அப்ப கையில பிடிக்கிற கன்ட்ரோலரே போதும். ஸ்டீரிங் பழக நாளாகும். மேசை வேணும், இடம் வேணும்."

"தம்பி, எனக்கு விரல்ல உணர்ச்சி கம்மி. தோள்ல நெறைய இருக்கு," என்றேன்.

அவர் பொறுமையான மனிதர். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு ஸ்டீரிங் முக்கால் சுற்றுதான் திரும்பும். இன்னொன்று நிஜ கார் மாதிரி இரண்டரைச் சுற்று திரும்பும். உள்ளே மோட்டார் இருப்பதால் பள்ளத்தில் இறங்கினால் கையை எதிர்த்துத் தள்ளும். பிடித்துப் பார்த்தேன். உங்கள் லாரி அதிர்வது போலவே அதிர்ந்தது. இதையே கொடுங்கள் என்றேன். கிளச்சோடு மூன்று பெடலா, கிளச் இல்லாமல் இரண்டு பெடலா என்று கேட்டார். இரண்டு போதும் என்றேன். கிளச்சில்தானே அன்றைக்கு மானம் போனது. பழுதில்லாமல் இருந்தால் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசை விளிம்பில் ஸ்டீரிங்கை இறுக்கினோம். பெடல் வழுவழுத் தரையில் சறுக்கியது. அரிசி மூட்டையை இழுத்து வந்து பின்னால் முட்டுக்கொடுத்தேன். மூட்டை போட எனக்கா சொல்லித் தர வேண்டும்? பிறகு புது வண்டிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஸ்டீரிங்குக்குக் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் வைக்க டயர் இல்லையே என்று பிரேக் பெடலுக்கு அடியில் ஒன்றை வைத்து மிதித்தேன். சாறு உள்ளே போய்விட்டது.

தேவி துணியால் துடைத்துக்கொண்டே, "இது ரோட்டுல ஓடுற கெரேத்தாவாப்பா?" என்றாள்.

"மோதினா அடி மட்டும் நிஜமா விழுதே," என்றேன்.

விழுந்தது அண்ணே. ஐந்து நாளும் விழுந்தது. தேவி கொடுத்தது நம் ஊர்க் கார்கள் மாதிரி வலப்பக்கம் ஸ்டீரிங் உள்ள கார். ஒவ்வொரு வளைவிலும் மோதினேன். மரம், பாறை, வேலி, ஒரு முறை வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்துக்கு முன்னால் இருந்த தடுப்பு. நான்காம் நாள் தேவி சொன்னாள்: "ஏம்ப்பா, ஒரு தடவைகூட இடப்பக்கம் மோத மாட்டேங்கிறீங்க. எப்பவும் வலப்பக்கமே மோதுறீங்க."

அன்றைக்கு முழுவதும் அதையே யோசித்தேன். இடப்பக்கச் சுவருக்கும் வண்டிக்கும் எத்தனை விரல்கடை என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஜன்னலில் தலையை நீட்டி அதைத்தானே பார்த்து வந்தேன். சந்துக்குள் பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று "கோஸ்தான், கோஸ்தான்" என்று கத்தியதும் இடப்பக்கம்தான். வலப்பக்கத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது உங்களுடையது. அங்கே நீங்கள் இருந்தீர்கள், அதனால் நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் தேவியிடம், "இதக் கொண்டுபோய்க் கொடுத்திரும்மா. எனக்கு வராது. தூண் சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றேன்.

"எலுமிச்சம்பழம் நசுக்கின வண்டிய எந்தக் கடைக்காரன் திரும்ப எடுப்பான்? மோந்து பாருங்க, ஊறுகாய் வாசம் வருது," என்றாள். பிறகு திரையில் எதையோ மாற்றினாள். "இது வெளிநாட்டு கார்ப்பா. இதுல ஓட்டுறவரு இடப்பக்கம் உக்காருவாரு."

பார்த்தேன். ஸ்டீரிங் என் இருக்கையில் இருந்தது. இடப்பக்கக் கதவு என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இருபத்தேழு வருடம் நான் உட்கார்ந்த இடம், அண்ணே. அங்கே ஸ்டீரிங் மட்டும் இல்லாமல் இருந்திருக்கிறது. நோட்டு வாசிப்பவர் வலப்பக்கத்துக்குப் போய்விட்டார்.

அவர் இங்கிலீஷில் வாசிப்பது எனக்குப் பிடிபடவில்லை. தேவி அந்தக் குரலை நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்து என் வலப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். திரையில் வரும் குறிகளைப் பார்த்து அவளே வாசித்தாள். "இடது, மெதுவா. நேரா போங்க. அடுத்து வலது, கொஞ்சம்தான். குறுகின பாலம், நடுவுல போங்க." நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் சொன்ன மாதிரி திருப்பினேன். வலப்பக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

பாலத்தைத் தாண்டும்போது ஒன்று புரிந்தது. எல்லாப் பந்தயத்திலும் பக்கத்தில் இருப்பவர்தான் ஓட்டுபவருக்கு வாசிக்கிறார். நம் வண்டியில் மட்டும் ஓட்டுபவர் பக்கத்தில் இருப்பவனுக்கு வாசித்தார். ஏன்?

பிரேக்கை மிதித்தேன், எலுமிச்சை வாசம் வந்தது, வண்டி நின்றது. "என்னாச்சுப்பா, நல்லாத்தான போறீங்க?" என்றாள் தேவி. ஒன்றுமில்லை, நீ வாசி என்றேன். அவள் வாசித்தாள். நான் ஓட்டினேன். முடிவுக்கோடு வந்தது. எதிலும் மோதவில்லை. இருபது பேரில் இருபதாவதாக வந்தேன். தேவி எழுந்து போய் அண்டை வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வந்து அந்த இருபதைக் காட்டினாள்.

மறுநாள் காலை அண்ணிக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு, அண்ணன் வீட்டில் பத்திரிகை சத்தமாகப் படிப்பாரா என்று கேட்டேன்.

"அவரா? பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வரிகூடக் கேட்காது. என்னா சேதின்னு கேட்டா, 'நீயே படிச்சுக்கோ'ம்பாரு. ஏன் கோவிந்து?"

சும்மாதான் கேட்டேன் அண்ணி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

எப்போது தெரிந்துகொண்டீர்கள் அண்ணே? முதல் வருடமா, இரண்டாம் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தபோதா? தெரிந்துகொண்டேதான் இரண்டு தடவை வாசித்தீர்களா? அத்தனை பேர் கிண்டலுக்கு நடுவிலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கேட்டிருந்தால் நான் வேலையை விட்டு ஓடியிருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்டீரிங்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏழு நாளும் முடிந்துவிட்டது. தினமும் ஐந்து மணிக்கு அரிசி மூட்டையை இழுத்துப் போட்டுவிட்டு உட்காருகிறேன். இப்போது குறிகளை நானே படிக்கிறேன். தேவி ஓட்டும்போது வலப்பக்கம் உட்கார்ந்து அவளுக்கு வாசிக்கவும் தொடங்கியிருக்கிறேன். என் வாசிப்பு மெதுவாக இருப்பதால் அவள் இரண்டு முறை ஆற்றில் இறங்கினாள். "அப்பா, வளைவு போனப்புறம் சொல்றீங்க லா," என்கிறாள். வேகம் வரும்.

அடுத்த பாதை மழைப் பாதை. அடுத்த வாரம் அதை ஓட்டிவிட்டு, எத்தனை இடத்தில் இடித்தேன் என்று ஒன்றையும் மறைக்காமல் உங்களுக்கு எழுதுவேன். எழுதியதை மடித்து வைக்கும் முன், வண்டி எடுக்கும் நேரத்தில், உரக்க வாசிப்பேன். இரண்டு தடவை.

உங்கள் இடப்பக்கத்துத் தம்பி,
கோவிந்தன்