பாயின் பாட்டைத் திருத்தியது

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து புழுதிக் காற்று. ஸ்டுடியோ ஜன்னல் இடுக்கில் துணி அடைக்க வேண்டும். ஹெட்போன் ஒரு பக்கம் கேட்கவில்லை.

மதியம் நூர் வந்தாள். சிக்கந்தர் பாயின் மகள். தோல் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு தர்காவில் பாடுவாரே, அவர். போன மாதம் இறந்துவிட்டாராம். எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் இங்கே பாடிப் பதிந்த பாட்டு வேண்டுமாம், அம்மாவுக்கு.

போட்டேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"கொரலு அத்தாவோடதுதான். ஆனா அத்தா இப்பிடிப் பாடமாட்டாரேக்கா. வேற இருக்கா?"

"பழைய ஹார்ட் டிஸ்க்ல கெடக்கும். தேடிப் பாக்குறேன்."

பொய். மூலப் பதிவை அவர் பாடிய அன்றைக்கே அழித்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஜவுளிக்கடை விளம்பரம் இரண்டு. வேலையில் மனம் இல்லை.

அன்று நடந்தது முழுக்க ஞாபகம் வருகிறது. ஓரிடத்தில் அவர் குரல் கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நின்றது. நாலு தடவை பாட வைத்தேன். நாலு தடவையும் அங்கேயே. "பாய், சுருதி சேரல" என்றேன், தபலாக்காரர் முன்னாலேயே. "மன்னிச்சுக்கம்மா, நமக்குப் படிப்பு இல்ல" என்றார். அவர் போனதும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சுரத்தையும் கட்டைக்கு நேராக இழுத்து நிறுத்தினேன். பெருமையாக வேறு இருந்தது.

நாலு தடவையும் ஒரே இடம் என்றால் அது எப்படிப் பிசகு? இது அப்போது ஏன் உறைக்கவில்லை?

ஜூன் 12, வியாழன்

நூர் மறுபடி. அவள் போனில் ஒரு பதிவு. வீட்டில் பாய் பாடுகிறார், பின்னால் சமையலறையில் மிக்ஸி ஓடுகிறது.

"மிக்ஸி சத்தத்த மட்டும் எடுத்துட்டுத் தர முடியுமாக்கா?"

கேட்டேன். அதே இடம். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் மாதிரி அங்கே கொஞ்ச நேரம் நிற்கிறார். கீபோர்டில் தடவித் தடவிப் பார்த்தேன். அந்தச் சுரம் அதில் இல்லை.

"எப்ப எடுத்தது?"

"ஒங்ககிட்டப் பாடுறதுக்கு முந்துன வாரம். இங்க பாடிட்டு வந்தப்புறம் தர்காவுலயும் பாடல. யாரு கூப்புட்டாலும், 'நமக்குச் சுருதி நிக்கலையாம்ப்பா'ன்னுருவாரு."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஹார்ட் டிஸ்க் பொய், அழித்தது, தபலாக்காரர் முன்னால் பேசியது, எல்லாம்.

"தப்பு அவரு மேல இல்ல நூர். எனக்குத்தான் கேக்கத் தெரியல."

"அத அத்தாகிட்டல்ல சொல்லியிருக்கணும்."

போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 14, சனி

ஹெட்போன் மாற்றியாகிவிட்டது.

பத்து மணிக்கு நூரிடமிருந்து வாட்ஸ்அப்பில் அந்தப் பதிவு. கீழே ஒரு வரி: "மிக்ஸி சத்தத்த மட்டும் எடுங்க. அத்தாவத் தொடாதீங்க."