நீ கேட்ட பரிசோதனை

ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது. காவடிகள் வரும் தெருக்களில் நகராட்சி ஆட்கள் இன்று காலை பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். என் வாசலிலும் ஒரு வெள்ளைக் கோடு. கோலம் போட வாளியோடு வெளியே வந்தவள், அந்த நெடி மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். உன் கைகளின் வாசனை அது. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது என்பாய். "சோத்துல கூட இந்த வாசனதான்டி வருது. கொழம்பு இன்னா கொழம்புன்னே தெரியல" என்று சிரிப்பாய்.

இத்தனை வருடமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்ற பயம்தான் காரணம்.

பொதட்டூர்பேட்டைப் பள்ளியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. அறிவியலில் நீ எப்போதும் என்னைவிடக் கூடுதல் மதிப்பெண். இதயத்தின் படத்தை என் நோட்டிலும் நீதான் வரைந்து தருவாய். பள்ளி முடிந்ததும் நான் லேப் டெக்னீஷியன் படிக்க வேலூருக்குப் போனேன். உன்னை நகரியில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. பொதட்டூர்பேட்டைக்கே, உன் நைனாவிடமும் அம்மாவிடமும் திரும்பி வந்துவிட்டாய். பல வருடம் கழித்து, திருத்தணியில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் வராந்தாவில், துப்புரவுப் பணியாளரின் நீலச் சேலையும் கையில் மாப்புமாக நீ நின்றாய். நீதான் முதலில் வாய் திறந்தாய். "வணக்கம் மேடம்" என்றாய், கண்ணில் குறும்போடு. அன்றிலிருந்து ஆட்கள் இருந்தால் நான் மேடம். யாரும் இல்லாவிட்டால் 'வாடி, போடி'தான்.

கொரோனா வந்த முதல் வருடம், திங்கட்கிழமைதோறும் ஊழியர்கள் எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது. வண்டி நிறுத்தும் இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு நாற்காலி. நான் கவச உடைக்குள் வியர்வையில் ஊறி நிற்பேன். டாக்டர்கள், நர்சுகள், வாட்ச்மேன், நீ எல்லோருக்கும் ஒரே வரிசை. மூக்கில் குச்சியை விடும்போது பெரிய டாக்டரே நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்வார். நீ அசையமாட்டாய். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாய். முடிந்ததும், "நல்லா ஆழமா வுட்டியா? சும்மா பேருக்கு எடுத்துடாத" என்பாய்.

இரண்டாவது அலையின்போது பரிசோதனை கிட் வரத்து குறைந்தது. அலுவலகத்திலிருந்து புதுப் பட்டியல் வந்தது. மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகம், மருந்தகம். ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை செய்கிறவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. காய்ச்சல் வந்தால் மட்டும் அவர்களுக்குப் பார்க்கலாம் என்று அடியில் ஒரு வரி. நோயாளிகளின் சளியையும் வாந்தியையும் துடைத்தவர்கள் நீங்கள். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்தத் தாளை வாங்கிச் சுவரில் ஒட்டினேன். அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ வந்து மேலிருந்து கீழ்வரை படித்தாய். "எங்களுக்கெல்லாம் மூக்கு இல்லீங்களா மேடம்?" என்றாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தத் திங்கட்கிழமையைத்தான் சொல்ல வந்தேன். வரிசை முடிந்து, ஐஸ் பெட்டியை மூடப் போன நேரத்தில் நீ வந்தாய். நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றாய். நான்தான் கேட்டேன்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஒடம்பு முறிச்சு எடுக்குதுடி, ரெண்டு நாளா. எனக்கு ஒண்ணு எடுத்துப் பாத்துடேன்."

வெப்பமானியை உன் நெற்றிக்கு நேராகப் பிடித்தேன். "காச்சல் இல்லியே. லிஸ்ட்டுல பேரு இல்லாம எடுத்தா ஆபீஸ்ல கேப்பாங்கடி."

"வூட்டுல அம்மாவுக்கு மூச்சு எளைப்பு, உனக்குத் தெரியாததா? நைனா வேற கண்ணு சரியாத் தெரியாம ஒக்காந்துகினு கீறாரு. நான் வூட்டுக்குப் போலாமா வேணாமா, அத மட்டும் சொல்லு. வேற எதுவும் வேணாம்."

பெட்டியில் ஒரே ஒரு கிட் மிச்சம் இருந்தது. நீ அதைப் பார்த்தாய். நான் அதைப் பார்ப்பதையும் பார்த்தாய். அன்று வராத மயக்கமருந்து டாக்டருக்காக எடுத்து வைத்தது அது.

"அது டாக்டருக்குடி. அடுத்த திங்கக்கெழம வா. எப்படியாச்சும் எடுத்துடறேன்."

"ஆங்" என்றாய். நீ சண்டை போட்டிருந்தால் எடுத்திருப்பேனோ என்னவோ. வாளியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டாய்.

அந்த டாக்டர் வாரம் முழுவதும் வரவில்லை. ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று போயிருந்தார். அந்தக் கிட் ஆய்வகத்தின் குளிர்பெட்டியிலேயே கிடந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் கதவை மூடினேன்.

இரண்டு நாள் நீ வீட்டுக்குப் போகவில்லை, துணி வைக்கும் அறையிலேயே படுத்துக்கொண்டாய் என்று வார்டு நர்சு பிறகு சொன்னாள். மூன்றாம் நாள், அம்மா பட்டினியாகக் கிடக்கிறாள் என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்ததாம். பஸ் ஓடாத நாட்கள் அவை. பால் வண்டியில் ஏறிப் போய்விட்டாய். போகும்போது என்னிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை உன்னையும் அம்மாவையும் ஒரே ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். இப்போது உனக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. நான் குச்சியோடு உன் கட்டிலுக்கு வந்தேன். முகக்கவசத்தின் மேலே என் கண் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டாய். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்: "இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானடி. இன்னும் திங்கக்கெழம ஆவலியே."

குத்திக்காட்டினாயா, நினைவு தப்பிப் பேசினாயா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் குச்சியை உன் மூக்கில் விட்டேன்.

ஆக்சிஜன் படுக்கைக்காகத் திருவள்ளூர், அரக்கோணம், சென்னை என்று போன் போட்டோம். எங்கேயும் இடம் இல்லை. திங்கட்கிழமை மதியம் அம்மா போனாள். செவ்வாய் விடியும்போது நீ. உன் பரிசோதனை முடிவு திருவள்ளூரிலிருந்து செவ்வாய் மாலை வந்தது. அதை நான்தான் பதிவேட்டில் எழுதினேன். உன் பெயரை எழுதும்போது இனிஷியல் மறந்துவிட்டது. பள்ளியில் தினம் கேட்ட இனிஷியல்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் உன் வீட்டுக்குப் போனேன். நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு கேட்டார்.

"ஏம்மா, அவ தெரிஞ்சேதான் வூட்டுக்கு வந்தாளா? ஆஸ்பத்திரில வேல செய்றவளுக்குத் தெரியாமலா இருக்கும், பெத்தவளயே கொன்னுட்டாளேன்னு தெருவுல பேசிகினு கீறாங்க. அவளுக்கு டெஸ்ட்டு எடுத்தாங்களா இல்லியா?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இடம் அதுதான். அவள் வந்து கேட்டாள் நைனா, நான்தான் மாட்டேன் என்றேன். இவ்வளவு சொன்னால் போதும். உன்மேல் இருந்த பழி அந்த நிமிடமே கழன்றிருக்கும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எடுத்தோம் நைனா. நான்தான் எடுத்தேன். நோய் இல்லேன்னுதான் வந்துச்சு. அத நம்பித்தான் வூட்டுக்கு வந்தா."

அவர் முகம் இளகிவிட்டது. காற்றில் தடவி என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எம் பொண்ணு மேல தப்பு இல்ல. மிசினுதான் தப்பா சொல்லிகீது. நீயாச்சும் அவளுக்குப் பாத்தியேம்மா. நல்லா இருப்ப." பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னார். நான் அதை முழுவதும் குடித்தேன்.

அதற்குப் பிறகு நைனா தெருவெல்லாம் அதைத்தான் சொன்னாராம். கூடப் படித்த பெண் தன் கையாலேயே சோதித்துப் பார்த்தாள், மிசின் ஏமாற்றிவிட்டது என்று. கடைத்தெருவில் பொதட்டூர்பேட்டைக்காரர்கள் யாராவது எதிரே வந்தால் நின்று என்னிடம் நல்லவிதமாக விசாரிப்பார்கள். அதனாலேயே அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. நைனாவை மறுபடி போய்ப் பார்க்கவும் இல்லை. போன தை மாதம் அவரும் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. அன்று எடுத்திருந்தாலும் முடிவு வர இரண்டு நாள் ஆகியிருக்கும், அதற்குள் எல்லாம் நடந்திருக்கும் என்று. ஆனால் நீ துணி அறையில் காத்திருந்ததும் அதே இரண்டு நாள்தான்; நீ வீட்டுக்குக் கிளம்பும் முன்பே முடிவு வந்திருக்கும். எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாலும் அங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறேன்.

நான் இன்னும் அதே ஆய்வகத்தில்தான் வேலை செய்கிறேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை. நீ நோயை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நினைத்தாய். சரியான நாளில், கேட்க வேண்டிய ஆளிடம் வந்து கேட்டாய். உன் தெருவுக்கு அது தெரியாது. என் பொய்தான் தெரியும். உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே மனிதரும் இல்லை. நீ கேட்டாய் என்பது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் போன பிறகு அதுவும் இருக்காது.