துலுக்கானம் போய்வந்த ஊர்கள்

பாரிவாக்கம்,
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகள் ரோஷினிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அவருக்குச் சர்க்கரை மட்டும் ஏறி இறங்கி விளையாடுகிறது. நீயும் மாப்பிள்ளை ராகேஷும் அந்த எடின்பரோ குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும், காதை மூடாமல் வெளியே போகாதே. போனில் பேச ஆரம்பித்தால் சொல்ல வந்ததில் பாதி எனக்கு மறந்துபோகும், அதனால் காகிதத்தில் எழுதி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், எழுத்து கோணல் என்று சிரிக்காதே.

மழை விட்டதிலிருந்து ஏரிப்பக்கம் ஒரே பனிமூட்டம். நம் மூன்றாவது மாடி பால்கனியில் நின்றால் ரோடே தெரியவில்லை, பஸ் சத்தம் மட்டும் ஆகாயத்தில் ஓடுவதுபோல் கேட்கிறது. அப்பா அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் உன் கட்டுரைகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறார். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றி நீ எழுதியதை வேறு ஊர் டாக்டர்கள் தங்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் உன் எண்ணிக்கை கூடும் என்று நீ சொன்னாயே, அன்றிலிருந்து இதே வேலை. ஜப்பானில் ஒருத்தர், பிரேசிலில் ஒருத்தர், எல்லோரும் எழுதியிருப்பது துலுக்கானம் என்றுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள், நமக்கேது குடும்பப் பெயர், அப்பா பெயரைப் போட்டோம், அது உன்னைத் தாண்டி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஆவடி ஃபேக்டரியில் இருந்தவரை அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. இப்போது பிரேசில் டாக்டர் அதை எப்படி உச்சரிப்பார் என்று கேட்டுவிட்டுப் பனியையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பார்ப்பேன். அந்தப் பெயர், முன்பின் தெரியாத ஊர்களில் எல்லாம் காலாற நடந்து போவதுபோல எனக்கும் தோன்றும்.

அப்புறம் நீ புதன்கிழமை சொன்ன விஷயம், அதுதான் நெஞ்சிலேயே இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு ராகேஷ் பெயரைச் சேர்த்துக்கொண்டதில் நீ இரண்டு ஆளாகிவிட்டாய், முன்னால் எழுதியது துலுக்கானம் கணக்கில், பின்னால் எழுதியது ராகேஷ் கணக்கில். உன் வேலையை நிரந்தரமாக்கும் கமிட்டிக்காரர்கள் பாதியை மட்டும் பார்த்து இவ்வளவுதானா என்று கேட்டார்களாம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்க்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்றாய், எந்தப் பெயரில் சேர்க்கட்டும் என்று அப்பாவைக் கேட்டாய். மாப்பிள்ளை எதுவானாலும் சரி என்றுவிட்டார், நல்ல மனசு. அப்பா உன் இஷ்டம் என்று சொல்லிப் போனை என்னிடம் தள்ளிவிட்டார். தன் பெயரிலேயே சேர்க்கட்டும் என்று அவர் மனசில் ஆசை இருந்தது, எனக்குத் தெரியாதா. அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தவர் ஒரு கனவு கண்டிருக்கிறார். குத்தம்பாக்கம் புது பஸ் நிலையத்தில் ஏதோ வெளிநாட்டு பஸ்ஸில் ஏறினாராம். கண்டக்டர் பெயரைக் கேட்டு, கால் புண் எழுதிய துலுக்கானமா, உங்களுக்கு டிக்கெட்டே வேண்டாம் என்று கும்பிட்டாராம். பஸ் முழுக்க வெள்ளைக் கோட்டு டாக்டர்கள் எழுந்து கை கொடுத்தார்களாம். சிரித்துக்கொண்டே சொல்லி வந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். "பஸ்ஸு ஃபுல்லா என் பேர சொல்லிகினு கீறாங்க கமலம். நம்ம பொண்ணு எங்க கீதுன்னு தேடுறேன், அதுக்கு மட்டும் சீட்டே இல்ல" என்றார். கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். ராத்திரி பகலாகக் கண் விழித்து எழுதியது நீ, கை குலுக்கல் எல்லாம் அவருக்கா?

அதனால் அப்பா சொல்லச் சொன்னது இதுதான். அவர் பெயரும் வேண்டாம், மாப்பிள்ளை பெயரும் வேண்டாம், நாங்கள் உனக்கு வைத்த பெயரிலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிடு. பழைய கட்டுரைகளில் அச்சானது அச்சானபடி இருக்கும் என்றாயே, தனக்கு அது போதுமாம். அந்த ஊரில் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கட்டாயமாச்சே, இன்னொன்றில் எதைப் போடுவாள் என்று கேட்டேன். "அதுலயும் ரோஷினின்னே போட்டுக்கட்டும். ரெண்டு சீட்லயும் அதுவே குந்திகினு போவட்டும்" என்றார்.

எங்கள் இரண்டு பேர் ஆசியும் உங்களுக்கு என்றும் உண்டு, வேலை நிலைத்து மனம் குளிர்ந்து இருங்கள். மோர்மிளகாய் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல். வெள்ளிக்கிழமை வரை தள்ளாதே. அப்பா இப்போதே பால்கனியில் உட்கார்ந்து போனில் ரோஷினி ரோஷினி என்று அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறார், இன்னும் வரவில்லையே என்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலம்